வீட்டு எண் 1890: ஜெ. சுவாமிநாதனும் ஓர் ஓவிய அறிக்கையும்

ஜெகதீஷ் சுவாமிநாதன் 1928 ஜூன் 21 அன்று சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். இந்திய நவீன ஓவியத்தில் அரூப ஓவியர்களின் வரிசையைச் சொல்லும்போது முன்னால் வரும் பெயர்களில் ஒன்று அவருடையது. வடக்கே நண்பர்களுக்கு அவர் ‘சுவாமி’. தாடி, லுங்கி, விரலிடுக்கில் பீடி என்று புகைப்படங்களில் காணப்படும் இந்த மனிதர் பெரும்பாலும் இமயமலையடிவாரத்திலும் டெல்லியிலும் போபாலிலும் இருந்தார். அதனாலோ என்னவோ தமிழ்நாட்டில் அவரைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. அவர் படங்களுக்கு இணையாகப் பேசப்படுவது 1963இல் அவர் எழுதிய ஓர் அறிக்கை. ராஜா ரவிவர்மாவிலிருந்து தம் காலம் வரையிலான இந்திய ஓவியம் முழுவதையும் சில பத்திகளில் தள்ளிவிட்ட அறிக்கை அது. அதில் பன்னிரண்டு ஓவியர்கள் சேர்ந்து நின்றார்கள். அந்தக் குழுவுக்குப் பெயர் ‘குரூப் 1890’.

சுவாமிநாதன் ஓவியத்துக்கு நேர்வழியில் வந்தவரல்லர். மருத்துவப் படிப்புக்கான முன்வகுப்பைப் பாதியில் விட்டார். கல்கத்தாவுக்குப் போனார். சுதந்திரப் போராட்டத்தின் கடைசிக் கட்டத்தில் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ‘மஸ்தூர் ஆவாஸ்’ என்ற தொழிலாளர் வார இதழை நடத்தினார். அங்கிருந்து கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார். முழுநேரக் கட்சி வேலை, கூட்டம், இதழ் என்று இளமையின் பெரும்பகுதி கழிந்தது. வரைய வேண்டும் என்ற ஆசை சிறுவயதிலிருந்தே இருந்தும், அதை முறையாகக் கற்க அவர் போய் நின்றபோது வயது முப்பதை நெருங்கிவிட்டது. டெல்லி பாலிடெக்னிக்கின் மாலை வகுப்புகளில் சைலோஸ் முகர்ஜி, பி.சி. சன்யால் ஆகியோரிடம் பயின்றார். 1957இல் போலந்துக்குச் சென்று வார்சா நுண்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கேயும் நீண்ட காலம் நிற்கவில்லை. டெல்லிக்குத் திரும்பி ‘லிங்க்’ வார இதழில் கலை விமர்சனம் எழுதத் தொடங்கினார்.

1955இல் நடந்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பவானியைத் திருமணம் செய்துகொண்ட கையோடு, இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள பேதுல் காட்டுப்பகுதிக்குப் போய் கோர்க்கு பழங்குடி மக்களிடையே தங்கினார். அந்த நாட்களின் தாக்கம் உடனே எந்தப் படத்திலும் தெரியவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அவர் போபாலில் செய்த வேலையைப் பார்க்கும்போதுதான் அதன் ஆழம் புலப்படுகிறது.

அவர் விமர்சகராகக் கால் வைத்த ஓவிய உலகம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அறிக்கையின் கோபம் புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரவிவர்மா ஐரோப்பியத் தைலவண்ண முறையைக் கொண்டு புராணக் காட்சிகளை வரைந்தார். 1894இல் அவர் தொடங்கிய அச்சகம் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர் படங்கள் அந்த வழியின் தொடர்ச்சி. இதற்கு எதிர்வினையாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபனீந்திரநாத் தாகூரின் வங்காளப் பாணி எழுந்தது. மெல்லிய நீர்வண்ணம், கனவு போன்ற முகங்கள், முகலாய, ஜப்பானியச் சாயல்கள், கிராமத்து அமைதி ஆகியவை அதன் அடையாளங்கள். சுதந்திரம் வந்த 1947இல் பம்பாயில் எஃப்.என். சூசா, எம்.எஃப். ஹுசைன், எஸ்.எச். ரஸா முதலானோர் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கினார்கள். பாரிஸில் பிக்காஸோவும் மத்தீஸும் செய்ததை இந்தியக் கோவில் சிற்பத்தோடும் சிற்றோவியத்தோடும் இணைக்க முடியும் என்பது அவர்கள் நம்பிக்கை. 1949இல் சூசா லண்டன் போனார். அடுத்த ஆண்டு ரஸா பாரிஸ் போனார். ஐம்பதுகளின் இறுதியில் டெல்லிக் காட்சிக்கூடங்களில் தொங்கிய படங்களில் பெரும்பாலானவை ‘இந்தியத்தன்மை’, ‘நவீனம்’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் இழுபட்டுக்கொண்டிருந்தன. எவ்வளவு இந்தியம், எவ்வளவு ஐரோப்பியம் என்ற அளவுக் கணக்கே விமர்சனமாகவும் இருந்தது. சுவாமிநாதனுக்கு இந்தக் கணக்கே பிடிக்கவில்லை.

1962 ஆகஸ்ட் இறுதியில் குஜராத்தின் பாவ்நகரில் ஒரு நண்பரின் வீட்டில் சில ஓவியர்கள் கூடினார்கள். இரண்டு நாள் பேசி ஒரு குழுவாகச் செயல்படுவதென்று முடிவெடுத்தார்கள். பெயர் வைக்கும்போது எந்தக் கொள்கையையும் பெயரில் ஏற்ற வேண்டாம் என்று கருதி, கூடியிருந்த வீட்டின் எண்ணையே வைத்துக்கொண்டார்கள். 1890 ஓர் ஆண்டு என்று நினைத்து, அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று தேடியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

குழுவில் இருந்தவர்கள் சுவாமிநாதன், ஜெராம் படேல், அம்பாதாஸ், ஹிம்மத் ஷா, ஜோதி பட், குலாம் முகம்மது ஷேக், ராகவ் கனேரியா, எம். ரெட்டப்ப நாயுடு, எரிக் போவன், எஸ்.ஜி. நிகம், ராஜேஷ் மெஹ்ரா, பால்கிருஷ்ண படேல் ஆகிய பன்னிருவர். பலர் பரோடா நுண்கலைக் கல்லூரியோடு தொடர்புள்ளவர்கள். ரெட்டப்ப நாயுடு சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்றவர், சென்னை நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். அம்பாதாஸும் கைத்தறி வாரியத்தின் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவரே. ஐம்பதுகளில் புபுல் ஜெயகரின் முயற்சியால் தொடங்கிய இந்த மையங்கள், நவீன ஓவியர்களைத் தறியின் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தன. விற்காத படங்களோடு வாழ்ந்த ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டது கைத்தறிதான். காஞ்சிபுரத்திலும் பின்னர் இப்படியொரு மையம் வந்தது. பன்னிருவரில் ஒருவர்கூடப் பெண் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அந்தக் காலத்துக் குழுக்களில் அதை யாரும் ஒரு குறையாகக் கூட எண்ணவில்லை.

1963 அக்டோபரில் டெல்லி ரவீந்திர பவனில், லலித் கலா அகாதெமியின் காட்சிக்கூடத்தில், குழுவின் முதல் கண்காட்சி நடந்தது. பிரதமர் ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்தார். கண்காட்சிக் கையேட்டுக்கு முன்னுரை எழுதியவர் அப்போது இந்தியாவில் மெக்ஸிகோவின் தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அவர், சுவாமிநாதனின் நெருங்கிய நண்பர். தம் நண்பரைப் பற்றி ஸ்பானிஷ் மொழியில் ஒரு கவிதையும் எழுதியிருக்கிறார். ஆந்த்ரே பிரெத்தோன் 1924இல் வெளியிட்ட மீயதார்த்தவாத அறிக்கையின் வட்டத்தில் பழகியவர் பாஸ். ஓர் அறிக்கை ஓவிய உலகில் என்ன செய்யக்கூடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஐரோப்பாவில் அதற்கு முந்தைய அரை நூற்றாண்டு அறிக்கைகளின் காலம். 1909 பிப்ரவரியில் இத்தாலியக் கவிஞர் மரினெத்தி தம் எதிர்காலவாத அறிக்கையை பாரிஸின் ‘ல ஃபிகாரோ’ நாளிதழின் முதல் பக்கத்தில் வெளியிட்டார். அருங்காட்சியகங்களை அழிப்போம், வேகத்தையும் போரையும் போற்றுவோம் என்றது அது. அதன் பிறகு புதுமை செய்ய வந்த ஒவ்வொரு குழுவும் ‘நாங்கள்’ என்று தொடங்கி, பழையதை மறுத்து, புதியதை முழங்கும் அறிக்கையோடு வந்தது. குரூப் 1890இன் அறிக்கையும் தோற்றத்தில் அந்த மரபைச் சேர்ந்ததே. ஐரோப்பாவின் இயக்கங்களை இரவல் வாங்குவதைக் கண்டித்த ஓர் எழுத்து, கண்டனம் சொல்லும் வடிவத்தை ஐரோப்பாவிடமிருந்தே எடுத்துக்கொண்டது அதிலுள்ள ஒரு முரண்பாடு. ஆனால் உள்ளடக்கம் வேறு. மரினெத்தி எதிர்காலத்தின் பெயரால் பேசினார்; இந்த அறிக்கை எந்தக் காலத்தின் பெயராலும் பேச மறுத்தது.

அறிக்கையின் முதல் பகுதி மறுப்பு. ரவிவர்மாவின் இயல்புவாதம் கொச்சையானது என்றது. வங்காளப் பாணியின் கிராமியக் கனவு பொய்யானது என்றது. மரபுவழிச் சிற்பத்தின் மீதும் நாட்டுப்புறக் கலையின் மீதும் ஐரோப்பியக் கருத்துகளைப் போர்த்திச் செய்த கலப்பு, வெறும் பாவனை என்றது. அதோடு நிற்கவில்லை. ‘உலகப் பொதுமை’ என்ற பெயரில் அரூபத்துக்குள் ஓடிப் புகுவதையும் அதே வரிசையில் வைத்து மறுத்தது. அரூப ஓவியர் ஒருவர் எழுதிய அறிக்கை அரூபத்தையே தாக்கியது ஏன் என்ற கேள்வி இங்கே எழுகிறது. அறிக்கையின் பதில் தெளிவானது. நம் ஓவியர்கள் ஓர் அடையாளத்தைத் தேடி அலைகிறார்கள்; பழம்பெருமையை நினைத்து ஏங்குகிறார்கள், அல்லது உலகத்தோடு ஓடிப் பிடித்து அங்கீகாரம் பெறத் துடிக்கிறார்கள். அந்தத் தேடல் முன்கூட்டியே தீர்மானித்த நோக்கத்தோடு நடப்பதால், வரையத் தொடங்கும் முன்பே படம் தோற்றுவிடுகிறது. உருவம் வரைவதா, அருவம் வரைவதா என்பது இரண்டாம்பட்சம். பட்டியல் பார்த்து வரைவதே நோய்.

இரண்டாம் பகுதிதான் அதிகம் பேரைச் சீண்டியது. கலைக்குச் செய்தி சொல்லும் வேலை கிடையாது. விளக்குவதோ வழிகாட்டுவதோ அதன் பணியல்ல. மனிதனைப் பாடுவதற்கும் நாங்கள் வரவில்லை, மீட்பதற்கும் வரவில்லை என்றது. ஒரு படம் உலகிலுள்ள வேறெதையும் குறிக்கும் அடையாளமல்ல, அதுவே ஒரு முழுமையான பொருள், தன் உயிரைத் தானே உண்டாக்கிக்கொள்வது என்றது. ஓவியர் வரையும்போது அடைந்த அனுபவம் ஓவியருடையது. முடிந்த படத்துக்கும் அதற்கும் உறவில்லை. பார்ப்பவர் முன் படம் தன் அனுபவத்தைத் தானே தொடங்குகிறது என்றது. கலை மெய்ம்மையின் நகலுமல்ல, மெய்ம்மையிலிருந்து தப்பி ஓடுவதுமல்ல. அதுவே ஒரு மெய்ம்மை என்பது அறிக்கையின் மையம்.

பல ஆண்டுகள் இடதுசாரி இயக்கத்தில் உழைத்த ஒருவர் ‘மனிதனைப் பாட மாட்டோம்’ என்று எழுதினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய தோழர்களுக்கு அது கட்சி மாறியவரின் குரலாகத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. நாடு உணவுப் பற்றாக்குறையையும் 1962 சீனப் போரின் தோல்வியையும் சுமந்துகொண்டிருந்த நேரம் அது. கலை மக்களுக்காக என்பது அன்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கேள்வியின்றி ஏற்ற வாக்கியம். அதை மறுப்பது பொறுப்பற்ற செயலாகப் பார்க்கப்பட்டது. மறுபக்கம், பம்பாயின் முற்போக்கு ஓவியர்களும் அவர்களைக் கொண்டாடியவர்களும், தாங்கள் கட்டிய வீட்டை நேற்று வந்தவர்கள் இடிப்பதாகவே இதை எடுத்துக்கொள்ள முடியும். பொதுவான பாணி எதுவும் இல்லாத பன்னிரண்டு பேர் எப்படி ஓர் இயக்கம் ஆவார்கள் என்பது இன்னொரு கேள்வி.

அந்தக் கண்காட்சியின் சுவர்களைப் பார்த்தால் இந்தக் கடைசிக் கேள்வியில் நியாயம் இருப்பது தெரியும். ஜெராம் படேல் ஒட்டுப்பலகையை ஊதுவிளக்கால் கருக்கி, எரிந்த குழிகளையே ஓவியமாக்கியிருந்தார். ஹிம்மத் ஷா தாளைச் சுட்டு, பொத்தலிட்டு, ஒட்டியிருந்தார். கனேரியா கழிவு இரும்பை வெல்டிங் செய்து சிற்பம் வடித்தார். அம்பாதாஸின் திரையில் தூரிகை இழுப்பு மட்டுமே இருந்தது. ஷேக்கின் படங்களில் குதிரைகள் உருத் தெரியவே ஓடின. பொருளையே ஓவியமாக்குவது, நெருப்பையே தூரிகையாக்குவது, கதை சொல்வது எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பாணியால் அவர்கள் ஒன்றுபடவில்லை. யாருக்காகவும் எதற்கும் விளக்கம் சொல்ல மாட்டோம் என்ற மறுப்பு மட்டுமே பொதுவாக இருந்தது. ஒரு மறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு நெடுநாள் சேர்ந்திருப்பது கடினம். குழு இரண்டாவது கண்காட்சியை நடத்தவேயில்லை.

ரவிவர்மாவைப் பற்றிய தீர்ப்பு அநியாயமானது என்று சொல்லத்தான் வேண்டும். கோவிலுக்குள் நுழைய அனுமதி இல்லாதிருந்த கோடிக்கணக்கானோரின் வீட்டுக்குள் தெய்வத்தின் முகத்தைக் கொண்டுபோனது அவர் அச்சகமும் அதன் வழிவந்த அச்சுப் படங்களும்தான். அந்தச் சமூக விளைவை ஒரு பெயரடையால் தள்ளிவிட முடியாது. ஆனால் அறிக்கை என்பது வரலாற்று நூல் அல்ல. தங்களுக்கு மூச்சுவிட இடம் வேண்டி இளைஞர்கள் கதவை எட்டி உதைத்த சத்தம் அது. அதை அப்படியே வாசிக்க வேண்டும்.

‘இந்தப் படத்தில் என்ன இருக்கிறது?’ என்று அரூப ஓவியத்தின் முன் நிற்கும் எவரும் கேட்கிறார்கள். அறிக்கை அந்தக் கேள்வியையே மாற்றச் சொன்னது. இதைப் புரிந்துகொள்ள, காஞ்சிபுரத்தில் செவிலிமேட்டிலோ பிள்ளையார்பாளையத்திலோ ஒரு தறிக்குழியின் ஓரம் நின்றால் போதும். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு வண்ணம், கரைக்கு வேறொரு வண்ணம். மூன்று நாடா ஓட, துணைக்கு ஓர் ஆள் உட்கார்ந்து, இரண்டு வண்ணமும் சந்திக்கும் இடத்தில் இழையோடு இழை கோத்து நெய்கிறார்கள். அரக்கு உடலும் கிளிப்பச்சைக் கரையும் எதைக் குறிக்கின்றன என்று வாங்க வந்த யாரும் கேட்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகின்றனவா என்று மட்டும் பார்க்கிறார்கள். பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது. கண்ணுக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதும் அதைக் கைவிட்டு, நாம் கதையைத் தேடத் தொடங்கிவிடுகிறோம்.

அறுபதுகளின் நடுவில் சுவாமிநாதன் வரைந்த ‘வெளியின் வண்ண வடிவியல்’ என்ற வரிசை, வண்ணத்தை இப்படி நேரடியாக எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய மரபில் வண்ணம் பொருளின் மேல் விழும் ஒளியையும் நிழலையும் காட்டும் கருவி. ஒரு மாம்பழத்தின் மஞ்சள், நிழல் பக்கம் மங்கி, ஒளிப் பக்கம் வெளுத்து, உருண்டை என்ற தோற்றத்தைத் தருகிறது. சுவாமிநாதன் அந்த வேலையிலிருந்து வண்ணத்தை விடுவித்தார். தட்டையான சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சைப் பரப்புகள், முக்கோணங்கள், பட்டைகள். அவற்றின் உரசலிலிருந்தே படத்தின் வெளி பிறந்தது. ராஜஸ்தான், பஹாரி சிற்றோவியர்கள் முன்பே இதைச் செய்திருந்தார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். பசோலி ஓவியத்தில் ஒரு சிவப்புச் சுவர், நிழலே இல்லாமல், படத்தின் பாதியை நிரப்பி நிற்கும்.

1966இல் ‘கான்ட்ரா’ என்ற சிற்றிதழைத் தொடங்கினார். அது அதிக இதழ்கள் வரவில்லை. 1968இல் ஜவாஹர்லால் நேரு நல்கை கிடைத்தது. மரபில் உறைந்திருக்கும் தெய்வ ஆற்றலுக்கும் இன்றைய கலைக்கும் உள்ள தொடர்பு அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள். சாலையோரக் கல்லில் மஞ்சளும் குங்குமமும் பூசியவுடன் அது வெறும் கல்லாக இருப்பதை நிறுத்துகிறது. அதற்குக் கண்ணோ முகமோ செதுக்கவேண்டியதில்லை. அந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதே அவருடைய கேள்வி. படம் எதையும் சுட்டாமலே இருப்பு கொள்ள முடியும் என்ற அறிக்கையின் வாதம், இங்கே ஐரோப்பிய அழகியலின் துணையில்லாமல் நிற்க ஓர் இடம் கண்டுகொண்டது.

இந்தத் தேடல் அவரை ‘புதிய தாந்திரிகம்’ என்ற பட்டியலுக்குள் விமர்சகர்கள் சேர்ப்பதற்கும் வழிவகுத்தது. அந்த ஆண்டுகளில் யந்திரம், மண்டலம், பிந்து முதலியவை டெல்லி முதல் சென்னை வரை பல ஓவியர்களின் திரைகளில் இடம் பிடித்தன. சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் கே.வி. ஹரிதாசன் அந்த வழியில் தொடர்ந்து வரைந்தார். காஞ்சி காமாட்சியம்மன் சன்னிதியில் ஸ்ரீசக்கரத்துக்கு நடக்கும் பூசையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, முக்கோணங்கள் தெய்வமாவது புதுச் செய்தியல்ல. ஆனால் யந்திரத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் சாத்திரம் சொல்லும் பொருள் உண்டு. சுவாமிநாதனின் முக்கோணத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. பொருள் ஏற்றிவிட்டால் அது அவர் அறிக்கைக்கு எதிராகிவிடும். வெளிநாட்டுச் சந்தையில் ‘தாந்திரிகம்’ என்ற சீட்டு நன்றாக விலைபோன காலத்தில் இந்த வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொண்டது அவருடைய நேர்மை.

அறுபதுகளின் கடைசியில் தொடங்கி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அவர் வரைந்த ‘பறவை, மரம், மலை’ வரிசையால்தான் பொதுமக்களுக்கு அவர் அறிமுகமானார். அடர்ந்த மஞ்சளோ ஆரஞ்சோ நிரம்பிய பரப்பு. அதில் அடித்தளமே இல்லாமல் மிதக்கும் ஒரு மலை. அதன் உச்சியில் ஒற்றை மரம். அருகில் ஒரு சிறு பறவை. சில படங்களில் மலைக்குப் படிக்கட்டு. சிலவற்றில் நீரின்றியே ஒரு பிரதிபலிப்பு. உருவம் தெரிவதால் இவற்றை அரூபம் என்று சொல்லலாமா என்ற விவாதம் வந்தது. உருவமா அருவமா என்ற பிரிவே செல்லாது என்று 1963இலேயே எழுதிவிட்டவருக்கு அந்த விவாதம் தேவைப்படவில்லை. சிம்லாவில் பிறந்த ஒருவர் மலையை வரைகிறார். ஆனால் அது எந்த மலையும் அல்ல. தரையிலிருந்து பெயர்த்து எடுத்த உடனே மலை எடை இழந்து நிற்கிறது. பறவைக்கும் அதற்கும் இனி வித்தியாசம் அளவில் மட்டும்தான். இந்திய ஓவியத்தில் இவ்வளவு குறைவான பொருள்களைக் கொண்டு இவ்வளவு விசாலத்தை உண்டாக்கிய படங்கள் மிகச் சில.

அறிக்கை வந்த அதே 1963இல் சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கினார். எழுத்துகள், கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டங்கள் முதலியவற்றால் திரையை நிரப்பினார். அவற்றைப் படிக்க முடியாது, பார்க்க மட்டுமே முடியும். 1966இல் அவர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. திருச்சி மாவட்டத்துக் கீரம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலம், 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களால் அறியப்பட்டு, எழுபதுகளில் வண்ணப் பரப்புகளுக்கு நகர்ந்து தமிழகத்தின் முதன்மையான அரூப ஓவியர்களில் ஒருவரானார். சிற்றிதழ்களின் அட்டைகளையும் தலைப்பு எழுத்துருக்களையும் வரைந்து நவீன ஓவியத்தைத் தமிழ் வாசகரின் கைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. சென்னை ஓவியர்கள் ஆரவாரமான அறிக்கை எதையும் நம்பவில்லை. பட்டிக் வேலையும் கைவினையும் செய்து விற்று, நிலம் வாங்கி, வீடு கட்டி, சுதந்திரத்தைத் தேடிக்கொண்டார்கள். டெல்லிக் குழு ஒரே கண்காட்சியோடு கலைந்தது. சோழமண்டலம் இன்றும் இருக்கிறது. எது பெரிய சாதனை என்பதில் கருத்து வேறுபடலாம்; எது கடினமானது என்பதில் ஐயமில்லை.

1982 பிப்ரவரியில் போபாலில் சார்லஸ் கொரியா வடிவமைத்த பாரத் பவன் திறக்கப்பட்டது. அதன் ‘ரூபங்கர்’ கலை அருங்காட்சியகத்துக்குச் சுவாமிநாதன் பொறுப்பேற்றார். முந்தைய ஆண்டே, இளம் ஓவியர்களையும் மாணவர்களையும் குழுக்களாகப் பிரித்து மத்தியப் பிரதேசத்தின் பழங்குடிக் கிராமங்களுக்கு அனுப்பியிருந்தார். பட்டன்கட் என்ற கோண்டு கிராமத்தில் ஒரு வீட்டுச் சுவரில் வரைந்திருந்த உருவம் ஒரு குழுவின் கண்ணில் பட்டது. வரைந்தவர் ஜங்கர் சிங் ஷியாம், இருபது வயதை எட்டாத இளைஞர். கோண்டு மக்களுக்குக் குலவரலாறு பாடும் பர்தான் பிரிவைச் சேர்ந்தவர். போபாலுக்கு அழைத்து வரப்பட்ட அவர் கையில் தாளும் போஸ்டர் வண்ணமும் கிடைத்தன. தெய்வங்களையும் விலங்குகளையும் புள்ளிகளாலும் கோடுகளாலும் நிரப்பி அவர் வரைந்த பாணி சில ஆண்டுகளில் ‘ஜங்கர் கலம்’ என்று பெயர் பெற்றது. 1989இல் பாரிஸில் நடந்த ‘பூமியின் மந்திரவாதிகள்’ கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. இன்று கோண்டு ஓவியம் என்று உலகம் அறிவதெல்லாம் அவர் வழியே வந்தது.

ரூபங்கரின் துணிச்சல் அதன் ஏற்பாட்டில் இருந்தது. பழங்குடிக் கலையை மானுடவியல் பொருளாக, தேதியும் பெயரும் இல்லாத ‘தொல்கலை’யாகக் காட்டுவதே அருங்காட்சியக வழக்கம். சுவாமிநாதன் அதை நகர ஓவியர்களின் படைப்புகளுக்கு இணையாக ஒரே நிறுவனத்தில் வைத்தார். வரைந்தவர் பெயரைச் சேர்த்தார். நம்மோடு ஒரே காலத்தில் வாழ்பவர் வரைவது நம் காலத்துக் கலைதான் என்ற அவருடைய வாதத்தை 1987இல் வந்த ‘தி பெர்சீவிங் ஃபிங்கர்ஸ்’ நூலில் விரிவாகக் காணலாம். 1963 அறிக்கை சொன்னது இங்கேதான் செயலானது. ஒரு படம் வேறெதையும் சாட்சிக்கு அழைக்காமல் தானே நிற்க முடியுமென்றால், அதை வரைந்தவர் பரோடாவில் பட்டம் பெற்றவரா, பட்டன்கட்டில் மாடு மேய்த்தவரா என்ற கேள்விக்கு அதன் மதிப்பில் இடமில்லை. டெல்லியில் வெறும் கோஷமாகத் தோன்றிய ஒரு கருத்து, போபாலில் ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஓவியர் என்ற பெயரையும் பிழைப்பையும் தந்தது.

இதற்கும் எதிர்ப்புகள் உண்டு. சடங்கிலிருந்து பிரித்துச் சட்டத்துக்குள் மாட்டினால் அந்தக் கலை சந்தைப் பண்டமாகாதா என்று கேட்கப்பட்டது. 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காக வரையச் சென்ற இடத்தில் ஜங்கர் சிங் ஷியாம் உயிரை மாய்த்துக்கொண்டபோது அந்தக் கேள்வி கசப்போடு திரும்பி வந்தது. அப்போது சுவாமிநாதன் உயிரோடு இல்லை. கண்டெடுத்து மேடையேற்றும் நிறுவனங்கள், மேடையேறியவர்களை அதன் பிறகு எப்படிப் பாதுகாக்கின்றன என்பதற்கு அவருடைய அறிக்கையிலும் நூலிலும் விடை இல்லை.

போபால் அவர் தூரிகையையும் மாற்றியது. 1990இல் பாரத் பவனிலிருந்து விலகி டெல்லி திரும்பிய காலத்தில், பறவையும் மலையும் மறைந்துவிட்டன. மண் நிறங்கள், தேன்மெழுகு கலந்த வண்ணம், விரலால் இழுத்த கோடுகள், கிராமத்துச் சுவரில் காணும் முக்கோணமும் புள்ளியும் பாம்பு நெளிவும் திரைக்கு வந்தன. கவர்ச்சியான மஞ்சள் படங்களுக்குப் பழகிய வாங்குவோர் தயங்கினார்கள். ஆனால் கையின் அழுத்தம் நேரடியாகத் தெரியும் இந்தக் கடைசிப் படங்களே அவருடைய வலுவான படைப்புகள் என்று கருத இடமுண்டு. அதே ஆண்டுகளில் இந்தியில் கவிதைகளும் எழுதினார். 1994 ஏப்ரல் 25 அன்று டெல்லியில் காலமானார்.

குழுவிலிருந்த மற்றவர்கள் வெவ்வேறு திசைகளில் போனார்கள். அம்பாதாஸும் எரிக் போவனும் நார்வேயில் குடியேறினார்கள். அறிக்கையின் தோழர்களில் ஒருவரான குலாம் முகம்மது ஷேக், அதற்கு நேர் எதிரான பாதையில் நடந்தார். 1981இல் பூபேன் கக்கர், விவான் சுந்தரம், நளினி மலானி, ஜோகேன் சௌத்ரி, சுதீர் பட்வர்தன் ஆகியோரோடு அவர் பங்கேற்ற ‘பிளேஸ் ஃபார் பீப்பிள்’ கண்காட்சி மனிதர்களையும் தெருக்களையும் கதைகளையும் ஓவியத்துக்குள் மீண்டும் அழைத்தது. ரெட்டப்ப நாயுடு சென்னையிலேயே இருந்து தெய்வ உருவங்களைக் கோடுகளால் பிரித்துச் சேர்க்கும் வரிசைகளை வரைந்தார். ஜோதி பட் அச்சோவியத்தோடு, கிராமத்துச் சுவரோவியங்களையும் கோலங்களையும் ஆயிரக்கணக்கில் புகைப்படமாகப் பதிவுசெய்தார். 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். ஹிம்மத் ஷா சுடுமண்ணிலும் வெண்கலத்திலும் தலைகளை வடித்து நாட்டின் முக்கியச் சிற்பிகளில் ஒருவரானார். 2025இல் ஜெய்ப்பூரில் மறைந்தார். பன்னிருவரின் படைப்புகளும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு 2016இல் டெல்லியில் டி.ஏ.ஜி. காட்சிக்கூடத்தின் முயற்சியால் மீண்டும் ஒரே பெயரின் கீழ்க் காட்சிக்கு வைக்கப்பட்டன. சுவாமிநாதனின் படங்களை டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் காணலாம். ஜங்கர் சிங் ஷியாமின் படைப்புகளோடு அவர் கட்டியெழுப்பிய பழங்குடிக் கலைத் தொகுப்பு போபால் ரூபங்கரில் இருக்கிறது.